உட்கார்ந்து செய்த வேலை

முகையூர்ப் பக்கம் போனால் வரப்போரமெல்லாம் பனைமரந்தான். அங்கே மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த பனையேறி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. “உசுரு தங்கிச்சு, சரிங்கய்யா. இனிமே அவரு என்ன வேலை செய்வாரு?” என்று கேட்டாள் அவர் மனைவி. எனக்குப் பதில் வரவில்லை.

திருக்கோவலூர், திருவண்ணாமலை தாண்டி வேலூருக்குப் போனால் அந்தப் பதிலுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1954 ஜனவரி 30-ந் தேதி, உல்லாசப் பயணம் போன இளம் டாக்டர்களின் வண்டி கவிழ்ந்தது. அதில் இருந்த மேரி வர்கீஸ் கொச்சிச் சீமைப் பெண். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர். இருபத்தெட்டு வயதில் இரண்டு கால்களும் செயலற்றுப் போயின.

டாக்டர் பால் பிராண்ட் அப்போது அங்கே, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தார். கையில் செய்யும் சிகிச்சைக்கு நிற்க வேண்டியதில்லை; உட்கார்ந்தே செய்யலாம். எவ்வளவு எளிய யோசனை! ஆனால் யாராவது ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கத்தியைக் கையில் எடுத்தார்.

இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1944-இல், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் வேலை தொடங்கியிருந்தார். முதுகு முறிந்த சிப்பாய்கள் படுக்கைப் புண்ணாலும் மூத்திரக் கோளாறாலும் மாண்டுபோன காலம் அது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்து அவர்களைப் பிழைக்க வைத்தார் குட்மன். பிழைத்தவர்களைச் சும்மா இருக்கவும் விடவில்லை; பட்டறைக்கு அனுப்பினார்.

மேரி ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்குப் போனார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் புனர்வாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து வேலூரில் அத்துறையின் முதல் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ, 1986-இல் மறைவு.

சர்க்கார் உத்தியோகத்தில் ஊனமுற்றோருக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நான்காக்கியது. படித்தவனுக்குச் சரி. பனையேறிக்கு?

அடுத்த முறை போனபோது அவர் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து பனைநாரால் கட்டில் பின்னிக்கொண்டிருந்தார். மரத்தை இறுக்கிப் பிடித்துக் காய்த்துப்போன கைகள் நாரை இழுத்த இழுப்பில் சட்டம் முனகியது. விலை கேட்டேன். சொன்னார், குறைத்துக் கேட்டேன்.

“நாரு என்ன விலை விக்குதுன்னு தெரியுமாங்கய்யா?” என்றார், தலை நிமிராமலே.