எட்டாத நூல்கள்: தமிழில் உயர்கல்வியின் ஒரு வரலாறு

ஒரு சமுதாயம் தன் அறிவை எந்த மொழியில் சேமித்து வைக்கின்றது என்பதும், அந்த அறிவு யாருக்குச் சொந்தம் என்பதும் ஒரே கேள்வியின் இரு வடிவங்களாகும். போதனா மொழி பற்றிய விவாதத்தை இலக்கண விவாதமாகவோ உணர்ச்சி விவாதமாகவோ மட்டும் கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். பொருளியல், புள்ளிவிபரவியல், முளையவியல் ஆகிய மூன்று பல்கலைக்கழகப் பாடங்கள் தமிழுக்கு வந்த வரலாற்றையும், வந்த பின்னர் அவற்றுக்கு நேர்ந்த கதியையும், மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் நின்று நோக்குவோமாயின் இவ்வுண்மை தெளிவாகும்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, கோறளைப்பற்றில், வயலும் வாவியும் சூழ அமைந்தது ஓட்டமாவடி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் வாழும் ஊர் அது. வேளாண்மையும் மீன்பிடியும் சிறு வாணிபமும் இப்பகுதி மக்களின் தொழில்கள். அடுத்துள்ள வாழைச்சேனையில் 1950களின் நடுப்பகுதியில் அரசாங்கக் காகித ஆலை எழுந்தது. காட்டில் விளைந்த இலுக்குப் புல்லும், வயலில் எஞ்சிய வைக்கோலும் அங்கே காகிதமாயின. நெல்லை விளைவித்தவனின் வைக்கோல் நாட்டுக்குப் புத்தகக் காகிதமாகலாம் என்ற நிலை அன்று தோன்றிற்று. ஆனால் அந்தக் காகிதத்தின்மேல் அவன் மகன் படித்தறியக்கூடிய மொழியில் உயர்கல்வி அச்சிடப்படுமா? அந்தக் காலம் எழுப்பிய பெருங்கேள்வி இதுவே.

இக்கேள்விக்கு விடைகாண முற்பட்ட முதல் முயற்சி நூறாண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் அவரும் அவருடைய மாணவர்களும் நூல்களைத் தமிழாக்கினர். பிரசவ வைத்தியம் பற்றிய நூல் 1857இல் வெளிவந்தது. கருவின் வளர்ச்சியைப் பற்றிய நவீன அறிவு தமிழுக்கு வந்த வாயில்களில் அதுவும் ஒன்று. கிறீன் கண்ட உண்மை எளியது: ஆங்கிலம் கற்ற மருத்துவன் நகரத்தையும் உத்தியோகத்தையும் நாடுவான்; தாய்மொழியிற் கற்றவன் கிராமத்தில் தங்குவான். ஆனால் 1870இல் கொழும்பில் ஆங்கில வழி மருத்துவப் பள்ளி தோன்றியது. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். பதவியும் சம்பளமும் ஆங்கிலத்தின் பக்கம் நின்றமையால், மானிப்பாயின் தமிழ் நூல்கள் நூலகங்களின் பழம்பொருளாயின. சொல் இல்லாமையால் அம்முயற்சி தோற்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டத்தில் மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் ஒருவரே முன்னிற்கின்றார். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமிழறிஞர் மட்டுமல்லர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்களின் தொகுதி 1938இல் வெளிவந்தது. வாவிக்கரையில் தோன்றிய ஒருவர் தமிழகத்து அறிஞரோடு ஒரே மேசையில் அமர்ந்து, இரு நாட்டுத் தமிழுக்கும் பொதுவான அறிவியற் சொற்களை ஆக்கினார். இந்த ஒற்றுமை நீடித்திருக்குமாயின் நம் வரலாறு வேறாக அமைந்திருக்கும்.

நீடிக்கவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 900 மாணவரோடு தொடங்கியபோது அதன் மொழி ஆங்கிலம். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் என்ற தடை நீங்கியதும் மொழி என்ற தடை முன்னினும் தெளிவாகத் தெரிந்தது. தாய்மொழியிற் கற்ற கிராமத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைந்தனர். 1960இல் பேராதனைக் கலைப் பீடம் சிங்கள, தமிழ் மொழி மூல மாணவரை ஏற்கத் தொடங்கியது. பொருளியல் இனித் தமிழிலும் கற்பிக்கப்பட வேண்டும். அதற்கு நூல்கள் எங்கே?

நூலாக்கும் பொறுப்பை அரசகரும மொழித் திணைக்களம் ஏற்றது. பாடம் பாடமாகச் சொற்றொகுதிகள் வெளிவந்தன; ஆங்கிலப் பாடநூல்கள் தமிழாயின. பெயர் வெளியிற் தெரியாத மொழிபெயர்ப்பாளர்களும் ஆசிரியர்களும் சில ஆண்டுகளில் ஆற்றிய அப்பணியை நாம் போதிய அளவு மதித்ததில்லை. பின்னர் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அப்பணியைத் தொடர்ந்தது.

அவர்கள் ஆக்கிய சொற்களைச் சற்று நோக்குவோம். ஆண் கலமும் பெண் கலமும் இணைந்து உருவாகும் முதற் கலத்துக்கு இலங்கைத் தமிழில் ‘நுகம்’ என்று பெயர். கிரேக்க மூலச் சொல்லின் பொருளும் இரண்டைப் பிணைக்கும் நுகமே. ஏரில் இரு மாடுகளைப் பூட்டும் நுகத்தை அறிந்த உழவனின் பிள்ளைக்கு இச்சொல்லை விளக்க இரண்டாவது வாக்கியம் தேவையில்லை. அதிலிருந்து வளரும் உயிருக்கு ‘முளையம்’ என்றும், அதன் வளர்ச்சியை ஆராயும் துறைக்கு ‘முளையவியல்’ என்றும் பெயரிட்டனர். விதை நெல்லை ஊறவைத்து முளை கண்டு விதைக்கும் நாட்டில் இதைவிடப் பொருத்தமான சொல் எது? பொருளியலில், ஒரு பொருளை வாங்குவோர் நாடும் அளவு ‘கேள்வி’. விற்போர் சந்தைக்குக் கொணரும் அளவு ‘நிரம்பல்’. அறுவடைக் காலத்தில் நிரம்பல் பெருகி நெல்லின் விலை வீழ்வதும், கடன்பட்ட உழவன் அந்த விலைக்கே விற்க நேர்வதும், போடியாரும் வியாபாரியும் காத்திருந்து விற்பதும் இப்பகுதியில் எவரும் அறிந்த நடப்பு. அந்நடப்புக்கு ஒரு விதி உண்டு என்று சொல்லத் தமிழ் முன்வந்தது.

குறையே இல்லையென்று கூறுவதற்கில்லை. புள்ளிவிபரவியலில் மிகுதியாக மீண்டும் மீண்டும் வரும் பெறுமானத்துக்கு ‘ஆகாரம்’ என்று பெயரிட்டனர். வடமொழியில் வடிவம் என்ற பொருளை எண்ணி ஆக்கிய சொல் அது. ஆனால் மக்கள் வழக்கில் ஆகாரம் என்றால் உணவு. ‘மாறற்றிறன்’ போன்ற சொற்கள் புணர்ச்சி விதியைத் திருப்திப்படுத்தின. மாணவனின் நாவைத் திருப்திப்படுத்தவில்லை. இவை திருத்தக்கூடிய குறைகளே. எந்த மொழியிலும் கலைச்சொற்கள் பயன்பாட்டிலேதான் செப்பமடைகின்றன.

கடலுக்கு அப்பால் அதே ஆண்டுகளில் அதே வேலை தனியாக நடந்துகொண்டிருந்தது. 1960இல் கோயம்புத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் தமிழ் வழிப் பட்ட வகுப்பு தொடங்கியது. பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் 10 தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. கல்லூரிகளுக்கென நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களைத் தமிழக அரசு வெளியிட்டது. ஆனால் இங்கே ‘கேள்வி’, அங்கே ‘தேவை’. இங்கே ‘நிரம்பல்’, அங்கே ‘அளிப்பு’. இங்கே ‘நியம விலகல்’, அங்கே ‘திட்ட விலக்கம்’. இங்கே ‘முளையவியல்’, அங்கே ‘கருவியல்’. 1936இல் ஒரே மேசையில் அமர்ந்தவர்களின் வாரிசுகள் ஒருவர் நூலை மற்றவர் பயன்படுத்த இயலாதவாறு இரு அகராதிகளை எழுதினர். சிறிய வாசகர் தொகை இரண்டாகப் பிரிந்தது. நூலாக்கத்தின் பொருளியலை அறிந்தவர்க்கு இதன் விளைவு புரியும்.

இந்நிலையில் புள்ளிவிபரவியல் பாடநூலிலிருந்து இறங்கி மாணவரின் தலைவிதியாகவே வந்தது. 1971இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு, 400 புள்ளிகளில் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227உம் தமிழ் மொழி மூல மாணவருக்கு 250உம் தகைமைப் புள்ளிகளாக விதிக்கப்பட்டன. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. ஒவ்வொரு மொழிக் குழுவினதும் புள்ளிகளை அக்குழுவின் இடையும் நியம விலகலும் கொண்டு அளந்து, பொதுவானதோர் அளவுக்குக் கொணரும் முறை அது. வேறுபட்ட வினாத்தாள்களை ஒப்பிடுவதற்குக் கணிதம் தரும் கருவி இது, கருவி குற்றமற்றது. ஆனால் மாணவன் எந்த மொழியிற் படித்தான் என்பதைக் குழுவின் எல்லையாக வகுத்தது கணிதமன்று, அரசியல். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு வாயிலை ஓரளவு திறந்தது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். வசதியற்ற பாடசாலையிற் கற்றவனையும் வசதி மிக்க பாடசாலையிற் கற்றவனையும் ஒரே கோலால் அளப்பது நீதியா என்ற கேள்விக்கு அது ஒரு விடை தர முயன்றது. மொழியால் மாணவரைப் பிரிப்பது வேறு, வறுமையைக் கணக்கில் எடுப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நடந்த விவாதம் நாட்டின் இளைஞரைப் பகைவராக்கியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இசட் புள்ளியும் இடை, நியம விலகல் என்ற இரு எண்களின்மேலேதான் நிற்கின்றது. தன்னைத் தெரிவு செய்யும் கணக்கை விளங்கிக்கொள்ளும் உரிமை ஓட்டமாவடி மாணவனுக்கும் உண்டன்றோ?

1981இல் பல்கலைக்கழகமே வாவிப் பிரதேசத்துக்கு வந்தது. ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வீதியில், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. போர் இப்பிரதேசத்தைப் பிளந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசியும் ஒரே வகுப்பறையில் அமர அஞ்சும் காலம் வந்தது. 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதற்கு அந்தச் சூழலும் ஒரு காரணம். கட்டடங்கள் பெருகின, நூல்கள் பெருகவில்லை. உயர்தர வகுப்புவரை நுகம், முளையம், இழையுருப்பிரிவு என்று தமிழிற் கற்ற மாணவன், விஞ்ஞான பீடத்தின் வாயிலைக் கடந்ததும் அச்சொற்களையெல்லாம் வாயிலிலேயே இறக்கி வைக்கின்றான். அங்கே ஆங்கிலம் ஒன்றே மொழி. கலைத்துறையில் தமிழில் பொருளியல் கற்பவனுக்கோ 1960களின் மொழிபெயர்ப்புகள் அச்சில் இல்லை. விரிவுரைக் குறிப்புகளின் பிரதிகளே நூலாகிவிட்டன. ஒருவனுக்கு நூல் உண்டு, மொழி இல்லை; மற்றவனுக்கு மொழி உண்டு, நூல் இல்லை.

இதனால் நட்டமடைவது மாணவன் மட்டுமன்று. இறால் கடலில் முட்டையிடுகின்றது; முட்டையிலிருந்து வெளிப்பட்ட குடம்பி பல பருவங்களைக் கடந்து, சிறு இறாலாகி வாவிக்குள் வந்து வளர்கின்றது; முதிர்ந்தபின் மீண்டும் கடலை நாடுகின்றது. ஆகவே, கடலோடு வாவி கலக்கும் முகத்துவாரம் எப்போது திறந்திருக்கின்றது என்பது மீனவரின் வருமானத்தைத் தீர்மானிக்கும் விஷயம். பருவம் அறியாமல் நுண்ணிய கண்ணுள்ள வலையை வீசினால் நாளைய அறுவடையே அழிகின்றது. வளர்ச்சி உயிரியல் என்பது இதுவே. இந்த அறிவு பல்கலைக்கழகத்தின் ஆங்கில ஆய்வேட்டில் இருக்கின்றது; மீனவரின் அனுபவம் தமிழில் இருக்கின்றது. இரண்டும் சந்திக்க ஒரு நூல் வேண்டும்.

மொழியால் முடியாது என்று வாதிடுவோர் ஐதராபாத்தை நினைவுகூர வேண்டும். அங்கே 1917இல் மொழிபெயர்ப்பு நிலையம் அமைந்தது. 1918இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உருது மொழியிற் பிறந்தது. மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவிற் கற்பிக்கப்பட்டன. 1948இல் ஐதராபாத் அரசு முடிவுற்றதோடு உருது வழிக் கல்வியும் முடிவுக்கு வந்தது. உருதுவில் திடீரெனச் சொற்கள் தீர்ந்துபோயினவா? இல்லை, பின்னால் நின்ற அதிகாரமும் பணமும் விலகின. மானிப்பாயின் பாடமும் இதுவே. நமது திணைக்களங்களின் பாடமும் இதுவே.

ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல நமது வாதம். உலக அறிவின் பெரும்பகுதி அம்மொழியில் உள்ளது. நம் மாணவர் அதனைத் திறம்படக் கற்கத்தான் வேண்டும். ஆனால் ஆங்கிலம் சாளரமாக இருக்கலாம், சுங்கச்சாவடியாக இருக்கக் கூடாது. சுயமொழிக் கல்வி வகுக்கப்பட்ட நாளில் முஸ்லிம்களுக்கு மொழியைத் தெரிவு செய்யும் உரிமை இருந்தது. நகரத்து வசதி படைத்தோர் ஆங்கிலத்தைத் தெரிந்தெடுக்க முடிந்தது. கிழக்கின் உழவர் பிள்ளைகளுக்குத் தமிழே வழியாயிற்று. தெரிவு என்று சொல்லப்பட்டதன் அடியில் வர்க்கம் இருந்தது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. மறைந்துபோன சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்புகளையும் தேடித் தொகுத்து, இன்றைய அறிவுக்கேற்பத் திருத்தி வெளியிடலாம். இலங்கைச் சொல்லையும் தமிழகச் சொல்லையும் அருகருகே தரும் பொது அகராதி ஒன்றை இரு நாட்டு ஆசிரியரும் கூடி ஆக்கலாம். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் நடக்கும் ஆய்வு ஒவ்வொன்றுக்கும் பொதுமக்கள் படிக்கக்கூடிய தமிழ்ச் சுருக்கம் வேண்டுமென்று விதிக்கலாம். இவற்றுக்கெல்லாம் பொதுப்பணம் செலவாகும். அப்பணம் வயலிலும் வாவியிலும் உழைப்போரின் உழைப்பிலிருந்தே வருகின்றது. நூலுக்குரிய விலையை அவர்கள் ஏற்கெனவே செலுத்திவிட்டனர். நூலை அவர்களிடம் சேர்ப்பது ஆசிரியரும் மாணவருமாகிய நமது கடன்.