கறுப்பு ஒன்றுதான், குணம் வேறு



வேங்கிக்காலிலிருந்து வேலூர் சாலையில் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டரைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு ஒரு ஓஸ், டீசலுக்கு ஒரு ஓஸ், ஹைட்ராலிக் எண்ணெய்க்கு ஒரு ஓஸ். எல்லாம் கறுப்பு. “எல்லாமே ரப்பர்தானே, எதைப் போட்டா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை ரப்பரின் சரித்திரத்தில் இருக்கிறது.

முதலில் இருந்தது மரத்துப் பாலில் வந்த ரப்பர். கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் பால் வெட்டு நடக்கிறதே, அதுதான். வெயிலில் இளகி, குளிரில் விறைத்துப் போன அந்த ரப்பரை 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கினார். தண்ணீருக்கும் காற்றுக்கும் அது போதும். ஆனால் டீசலும் மண்ணெண்ணெயும் பட்டால் ஊறி, உப்பி, கொழகொழத்துவிடும். கந்தகத்தால் அந்தக் குறை தீரவில்லை.

மோட்டார் வண்டிகள் பெருகின. எண்ணெய்க்கு அசையாத ரப்பர் தேவைப்பட்டது. 1930-ல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் நியோப்ரீன் பிறந்தது. அதே பத்தாண்டில் ஜெர்மனியில் நைட்ரைல் ரப்பர் வந்தது. டீசல், இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் ஆகியவற்றுக்கு இன்றும் நைட்ரைல்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

1960-களில் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் சந்தைக்கு வந்தது. கொதிக்கிற தண்ணீர், கூலன்ட், வெயில் எல்லாவற்றையும் தாங்கும். ஆகவே ரேடியேட்டருக்கு ஏற்றது. ஆனால் எண்ணெய் பட்டால் இதுவும் உப்பும். ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு விஷம்!

ஜீப், வேன் பிரேக் சங்கதி தனி. ஆரம்ப காலத்துப் பிரேக் திரவத்தில் நம்ம ஆமணக்கெண்ணெய் இருந்தது. மரத்து ரப்பர் அதைத் தாங்கும். இப்போது பெரும்பாலும் கிளைக்கால் திரவம். அதில் இன்ஜின் ஆயில் கொஞ்சம் கலந்தாலும் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் உப்பிப் பிரேக் கெடும்.

ரேடியேட்டர் ஓஸை வெட்டி டீசலுக்கு மாட்டினால் என்ன ஆகும்? ஊறிப்போன ஓஸ் கசியும். சூடான சைலன்சரில் சொட்டினால் தீப்பிடிக்கும். அறுவடை நாளில் வண்டி போனால் போகட்டும், ஓட்டுகிற ஆள் போனால்?

ஆகவே கடையில் “ஓஸ் கொடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். மேலே அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே 30 என்றால் எரிபொருளுக்கும் ஆயிலுக்கும். ஜே 20 என்றால் கூலன்டுக்கு. ஹைட்ராலிக் ஓஸில் ஆர் 1 என்றால் ஒரு கம்பிப் பின்னல், ஆர் 2 என்றால் இரண்டு. பெட்ரோல் வண்டிக்கு எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஓஸா என்றும் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை, இன்ஜின் ஆறிய பிறகு, ஓஸை அழுத்திப் பாருங்கள். உப்பல், பிசுபிசுப்பு, வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.