செம்பவாங்: கப்பல் துறையும் காற்பந்துத் திடலும்

ஓர் ஊரின் வரலாற்றைக் கோட்டைகளிலும் கோயில்களிலும் தேடுவது வழக்கம். விளையாட்டுத் திடலில் தேடுவோர் சிலரே. ஆயினும், சிங்கப்பூரின் வடகோடியிலுள்ள செம்பவாங்கில் தோன்றி மறைந்த ஒரு காற்பந்துக் குழுவின் கதை, அவ்வூரின் கதையையே நமக்கு உணர்த்திவிடுகிறது.

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். ரப்பர்த் தோட்டங்கள் மலிந்திருந்த அவ்வட்டாரத்தில் கடற்படைத் தளம் அமைக்கப் பிரிட்டிஷ் அரசு 1920களில் முடிவு செய்தது. ஏறத்தாழ 1,000 அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கு வேலை செய்யத் தமிழரும் மலையாளிகளும் சீனரும் மலாய்க்காரரும் வந்து குடியேறினர். தளத்தின் தெருக்களுக்கு ஆங்கிலப் பேரரசின் துறைமுகங்களும் நாடுகளும் பெயர் தந்தன: மால்டா, ஜிப்ரால்டர், பெர்முடா, டாஸ்மேனியா. பெயரிட்டவர் எவராயினும், அத்தெருக்களில் வாழ்ந்தவர்கள் அவற்றைத் தம்முடையவையாக ஆக்கிக்கொண்டனர்.

அதற்குச் சான்று, ‘ஜிப்ரால்டர் கிரசன்ட்’ என்னும் காற்பந்துக் குழு. ஸ்பெயினின் தென்கரையை ஒட்டியுள்ள பாறைக் கோட்டையின் பெயர் செம்பவாங்கில் ஒரு தெருவின் பெயராயிற்று. பின்னர் அதுவே ஒரு குழுவின் பெயராயிற்று. கடல் கடந்து வந்த ஒரு சொல் இவ்வாறுதான் ஊர்ச்சொல்லாக மாறுகிறது.

1968 இல் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து, செம்பவாங் ஷிப்யார்டு நிறுவனமாயிற்று. 1971 இல் பிரிட்டிஷ் படைகள் விடைபெற்றன. குடியிருப்புகளில் இருந்த குடும்பங்கள் பல, காலப்போக்கில் வீவக அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றன.

1996 இல் சிங்கப்பூரில் எட்டுக் குழுக்களுடன் எஸ்-லீக் என்னும் தொழில்முறைப் போட்டி தொடங்கிற்று. அதில் இடம்பெறுவதற்காக ஜிப்ரால்டர் கிரசன்ட் குழுவும் செம்பவாங் விளையாட்டுக் கழகமும் இணைந்து ‘செம்பவாங் ரேஞ்சர்ஸ்’ ஆயின. தெருவின் பெயர் மறைந்தது. சொந்தத் திடலாக அமைந்தது அண்டை நகரான ஈசூனின் விளையாட்டரங்கு. எட்டுப் பருவங்கள் ஆடிய அக்குழு, 2003 ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் லீக்கில் இடம்பெறவில்லை. அப்போதும் கப்பல் பட்டறை நடந்துகொண்டுதான் இருந்தது.

இதனுடன் இலண்டனை ஒப்பிட்டு நோக்குக. தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்னும் கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர் 1895 இல் ஒரு குழு அமைத்தனர். அது 1900 இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆயிற்று. நிறுவனம் 1912 இல் மூடப்பட்டது. குழுவோ இன்றும் வாழ்கிறது. அதன் சின்னத்தில் கப்பல் தொழிலாளரின் சம்மட்டிகள் இரண்டு இன்றும் குறுக்கிட்டு நிற்கின்றன. அங்கே பட்டறை அழிந்து குழு நிலைத்தது. இங்கே பட்டறை நிலைத்துக் குழு அழிந்தது.

இடம் மாறியதுதான் காரணமா? அவ்வாறு கூறிவிட இயலாது. கடற்படைத் தளத் தொழிலாளர் கான்பெரா சாலைப் பகுதியில் 1960களில் எழுப்பிய முருகன் கோயிலும் பின்னர் ஈசூனுக்கே பெயர்ந்தது. புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் என்னும் அக்கோயிலில் ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தன்று காவடிகள் நிறைகின்றன. இடம் மாறினும் அடியார்கள் உடன் சென்றனர். குழந்தைகளையும் பேரக் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் வழக்கம் அங்கே அறுபடவில்லை. காற்பந்துக் குழுவுக்கு அத்தகைய தொடர்ச்சி வாய்க்கவில்லை. தெரு நண்பர்களின் குழுவாக இருந்தவரை அதற்கு அன்பும் ஓய்வு நேரமும் போதும். தொழில்முறைக் குழுவாயின் பெரும் பொருளும் வேண்டும்.

லீக் வெற்றிகளின் பட்டியலில் ஜிப்ரால்டர் கிரசன்ட்டுக்குப் பேரிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் பல இனத்தார் கூடி வாழ்ந்த ஒரு குடியிருப்பு, தனக்கென ஒரு பெயரைச் சட்டையில் தாங்கி ஆடிய வரலாறு அதனுடையது. அச்சட்டையை அணிந்தவர்களின் நினைவுகளை அவர்கள் வாழுங்காலத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். தவறினால், அந்தத் தெருப்பெயர் வெறும் வரைபடச் சொல்லாகவே எஞ்சும்.