வாயில் வெள்ளைப் படலம், வலிப்பு, சோர்வு: மூன்றுக்கும் காரணம் ஒன்றா?

பிள்ளைக்கு நாக்கில் வெள்ளைப் படலம் வந்து வந்து போகிறது. பிறகு கை கால் இழுத்துப் பிடிக்கிறது, வலிப்பும் வருகிறது. சில ஆண்டுகளில் ஓயாத சோர்வு, வாந்தி. தோட்டத்து கிளினிக்கில் ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து வாங்குவோம். ஆனால் இவை ஒரே பிள்ளைக்கு வந்தால், ‘ஏபிஎஸ்-1’ என்ற அரிய பரம்பரை நோயா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

என்ன நடக்கிறது?

சொந்த உடலைத் தாக்காதிருக்க நோய் எதிர்ப்பு அணுக்களைப் பழக்குவதில் ‘ஏர்’ என்ற மரபணுவுக்கு முக்கியப் பங்குண்டு. 1997-இல் இது கண்டறியப்பட்டது. இது பழுதானால் எதிர்ப்புச் சக்தியே ஹார்மோன் சுரப்பிகளைத் தாக்கும். பாராதைராய்டு கெட்டால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரும். அட்ரினல் கெட்டால் சோர்வு வரும், ரத்த அழுத்தம் குறையும்.

யாருக்கு வரும்?

பெரும்பாலும், பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான். அப்படிப்பட்ட பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 விழுக்காடு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும். பின்லாந்தில் சுமார் 25,000 பேரில் ஒருவருக்கு உண்டு.

கேமரன் மலையில் இருந்தால்?

“வெயில்ல கறுத்துட்டான்” என்று விட்டுவிடாதீர்கள். சோர்வோடு உள்ளங்கை ரேகையும் ஈறும் புதிதாகக் கறுத்தால் அட்ரினலைச் சோதிக்க வேண்டும்.

ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை “உடம்பு தேறிடுச்சு” என்று நிறுத்தவே கூடாது. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்டுங்கள். மாத்திரை வாந்தியில் போனால் ஊசி உடனே தேவை. ஈப்போவுக்கு இறங்கும்வரை காத்திருக்காமல் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். போனதும் முதல் வார்த்தை: “அட்ரினல் நோயாளி.”