உத்துசான் மெலாயு: ஆசிரியர் நாற்காலிக்கு நடந்த போராட்டம்



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து முடிதிருத்தும் கடையில் இரண்டு தமிழ் நாளிதழ்கள் கிடக்கும். ஒரே அரசியல் கூட்டம்தான். ஒன்றில் மக்கள் வெள்ளமெனத் திரண்டிருப்பார்கள். மற்றதில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். "எது தம்பி நெசம்?" என்று பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெரியவர்கள் என்னைக் கேட்பார்கள். எனக்கு விடை தெரியாது. பத்திரிகையின் பங்குகள் யார் கையில் இருக்கின்றன என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதைப் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகே அறிந்தேன். அங்கே படித்த ஒரு வரலாற்றைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நம் ஸ்கூடாயிலிருந்து பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே 1939ஆம் ஆண்டு மே மாதம் 'உத்துசான் மெலாயு' என்னும் ஜாவி எழுத்து நாளிதழ் தொடங்கிற்று. மலாய்க்காரர்களே சொந்தமாக நடத்தவேண்டும் என்று யூசோப் இஸாக் முதலியோர் முனைந்தார்கள். இவரே பின்னாளில் சிங்கப்பூரின் முதல் அதிபரானவர். டாக்சி ஓட்டுநர்களும் விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் பங்கு வாங்கினார்கள். ஏழைகள் காசு சேர்த்த ஏடு. ஆகையால் ஏழைகளின் குறைகளை எழுதிற்று.

சுதந்திரத்திற்குப் பின் ஏடு கோலாலம்பூருக்கு இடம் மாறியது. ஆளுங்கட்சியான அம்னோ பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. பூட்டுப் போடவில்லை, அச்சு இயந்திரத்தை உடைக்கவுமில்லை. பங்குச் சீட்டு கைமாறியது, அவ்வளவே! 1959இல் யூசோப் இஸாக் விலகினார். 1961 ஜூலையில் திரெங்கானு அம்னோ பிரமுகர் இப்ராஹிம் பிக்ரி, செய்திப் பகுதிக்குத் தலைவராக அனுப்பப்பட்டார்.

ஆசிரியர் சைட் சஹாரியும் நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எதை எழுதுவது என்பதை ஆசிரியர் குழுவே முடிவு செய்யவேண்டும் என்றார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் சம்பளமின்றி நின்றார்கள். வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே! இடையில் சிங்கப்பூர் சென்ற சைட் சஹாரியை மலாயாவுக்குள் திரும்பவிடாமல் அரசு தடுத்தது. அக்டோபரில் போராட்டம் தோற்றது.

பிறகு வந்த வழிகள் வேறு. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏடுகள் ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்கவேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வாத்தான் ஆகிய மூன்றின் அனுமதி பறிக்கப்பட்டது. ஆண்டுப் புதுப்பிப்பு 2012இல்தான் நீங்கியது. அனுமதி வேண்டும் என்பது நீங்கவில்லை.

நம் தமிழ் ஏடுகளும் விலக்கல்ல. 1924இல் தோன்றிய தமிழ் நேசன், பிற்காலத்தில் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தார் கைக்குச் சென்றது, 2019இல் நின்றுபோயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் உத்துசான் நிறுவனமும் மூடப்பட்டது. உத்துசான் மலேசியா பின்னர் வேறு நிறுவனத்தின் கீழ் மறுபடி வெளிவந்தது.

சைட் சஹாரி என்ன ஆனார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1963 பிப்ரவரி 2ஆம் நாள் சிங்கப்பூரில் கைதானார். வழக்கு விசாரணை நடக்கவில்லை. 1979இல்தான் வெளியே வந்தார்.