மலைப்பகுதிகளில் திடீர் உறைபனி: குளிரும் கரி அடுப்பும் விளைவிக்கும் ஆபத்துகள்

நீலகிரி மாவட்டத்தின் உயரமான பகுதிகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலமாகும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இதன் தாக்கம் மிகுதி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில், பகலில் 20 டிகிரி செல்சியஸை எட்டும் வெப்பநிலை மறுநாள் விடியலுக்குள் 0 டிகிரியை நெருங்குவதுண்டு. உடலைப் பாதிப்பது குளிரின் அளவு மட்டுமன்று. அது இறங்கும் வேகமும் ஆகும்.

மேகமூட்டம் நிலத்திற்கு ஒரு போர்வையைப் போன்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும்போது, நிலத்தின் வெப்பம் இரவில் தடையின்றி வெளியேறிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்குகளில் தங்குகிறது. தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களின் புல்வெளிகள் காலையில் வெண்மையாகக் காட்சியளிப்பது இதனால்தான். முந்தைய இரவு தூறலுடன் இதமாக இருந்தது என்பதை நம்ப வேண்டாம். வானம் தெளிந்து காற்று அடங்கிய மாலையே கடுங்குளிருக்கான முன்னறிவிப்பாகும்.

சமவெளியிலிருந்து வருவோருக்கு இம்மாற்றம் இன்னும் விரைவானது. சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்பவர், சில மணி நேரத்திலேயே 12 டிகிரி வரை குறைவான வெப்பநிலைக்குள் நுழைகிறார். கம்பளி உடைகளைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

உடலில் நிகழ்வது என்ன?

குளிர்பட்டவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் வேலைப்பளு கூடுகிறது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் விடியற்காலை நடைப்பயிற்சியை வெயில் வந்தபின் மேற்கொள்வதே நல்லது. பயணத்தின்போது மாத்திரைகளையும் இன்ஹேலரையும் தவறவிடக் கூடாது. நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டால் "குளிரால் பிடித்துக்கொண்டது" என்று தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே குறைவது உடல்வெப்பக் குறைவு எனப்படும். முதலில் நடுக்கம் தோன்றும். பின்னர் பேச்சு குழறும், நடை தடுமாறும். இந்நிலையில் உள்ளவரை மது அருந்தியவர் எனத் தவறாகக் கருதி விட்டுவிடுவது உண்டு. குளிரில் இருக்கும் ஒருவருக்கு நடுக்கம் நின்று மயக்கநிலை தொடங்குமானால், அது தேறிவிட்டதன் அறிகுறியன்று. நிலைமை மோசமாகிறது என்பதே பொருள். ஈர உடைகளைக் களைந்து, முதலில் மார்பையும் வயிற்றையும் கம்பளியால் போர்த்த வேண்டும். முழு நினைவுடன் இருந்தால் மட்டுமே இனிப்பான சூடான பானம் தரலாம். மது தோலில் சூடு பரவுவதுபோன்ற உணர்வைத் தந்தாலும் உள்வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

பச்சிளம் குழந்தைகளால் நடுங்கி வெப்பத்தை உண்டாக்க இயலாது. தலைக்குக் குல்லா அணிவித்து, தாயின் மார்போடு தோலுக்குத் தோல் அணைத்து வைப்பதே சிறந்தது. விடியலில் கேரட் அறுவடை செய்வோரும், அவற்றைக் குளிர்ந்த நீரில் கழுவுவோரும் மாற்று உடை வைத்திருக்க வேண்டும். மரத்துப்போன விரல்களை நெருப்பில் நேரடியாகக் காட்டக் கூடாது. உணர்ச்சி இல்லாததால் தோல் வெந்துபோவது தெரியாது.

மூடிய அறையில் கரி நெருப்பு

இப்பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இப்பகுதியைப் படியுங்கள். குளிருக்கு அஞ்சி, சன்னலைச் சாத்திவிட்டு, கரி அடுப்பையோ நெருப்புச் சட்டியையோ அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன துயரங்கள் மலைப்பகுதிகளில் நிகழ்ந்துள்ளன. கூடாரத்தில் தங்குவோருக்கும் இது பொருந்தும். இரவு உணவுக்காக வெளியே மூட்டிய இறைச்சி அடுப்பை, தணல்தானே என்று உள்ளே எடுத்துச் செல்வதும் அதே ஆபத்துதான்.

எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வெளியாகிறது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. புகை வரவில்லை, தணல் சிவந்திருக்கிறது என்பதால் பாதுகாப்பானது என எண்ணுவது பெரும் தவறு. இவ்வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் இணைகிறது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கக் கலக்கம் ஆகியவை முதல் அறிகுறிகள். உறங்குபவர் இவற்றை உணரவே மாட்டார். ஒரே அறையில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், உணவு ஒவ்வாமை என்றோ மலைப்பயணக் களைப்பு என்றோ எண்ணாமல் அனைவரும் உடனே வெளியேற வேண்டும். காற்றோட்டமற்ற குளியலறையில் உள்ள எரிவாயு கீசராலும் இது நேரலாம்.

அறை குளிராக இருந்தால் கூடுதல் கம்பளி கேளுங்கள்; கரி கேட்காதீர்கள். விடுதி நடத்துவோரும் விருந்தினர் வற்புறுத்தினாலும் அறைக்குள் கரி அடுப்பு தரக் கூடாது.

மயங்கியவரைக் காண நேர்ந்தால் கதவு, சன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். கரி மூட்டியிருந்ததைத் தவறாமல் தெரிவியுங்கள். விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் இந்நிலையில் இயல்பான அளவையே காட்டக்கூடும் என்பதால், அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். கர்ப்பிணி அவ்வறையில் இருந்திருந்தால், அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வயிற்றிலுள்ள சிசுவுக்குப் பாதிப்பு தாயைவிடக் கடுமையாக இருக்கலாம்.