எட்டுக் கால் சிப் ஒன்றின் பயணம்

போட்டோ கொப்பி மெஷினின் பின்மூடியைக் கழற்றினால் மெயின் போர்டில் விரல்நகத்திலும் சிறிய கறுப்புச் சிப் ஒன்று இருக்கும். பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்கள். தாளை எப்படி இழுப்பது, மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசரை எவ்வளவு சூடாக்குவது என்று மெஷினுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அதற்குள்தான்.

அதன் மூதாதைக்கு முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. 1971இல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈபிரோம் அது. எழுதியதை அழிக்க, சிப்பைப் பிடுங்கிப் புற ஊதா விளக்கின் கீழ் பல நிமிடம் வைக்க வேண்டும். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஒரு பெரும்பகுதியை மின்சாரத்தாலேயே ஒரே வீச்சில் அழிக்கும் முறையைக் கண்டு, 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் வெளியிட்டார். கமரா ஃபிளாஷ் நினைவுக்கு வந்த சகா ஷோஜி அரீசுமி வைத்த பெயர்தான் ‘ஃபிளாஷ்’.

அந்த ஒரே வீச்சுதான் இதன் பலமும் பலவீனமும். அழித்த இடமெல்லாம் 1. எழுதுவதென்றால் வேண்டிய இடத்தில் 1ஐ 0 ஆக்குவது. அந்த 0வைத் தனியாகத் திருப்ப வழியில்லை. குறைந்தது 4 கிலோபைட் அளவுள்ள ஒரு துண்டையே துடைக்க வேண்டும். துடைத்து முடிந்து புதியது இன்னும் ஏறாத நேரத்தில் மெஷினுக்குப் பழைய அறிவும் இல்லை, புதிய அறிவும் இல்லை.

ஆழமான இயற்கைத் துறைமுகம் வாசலிலேயே இருந்தாலும் இந்தச் சிப்பைச் சுமந்த மெஷின் திருகோணமலைக்குக் கப்பலில் வருவதில்லை. கொழும்பில் இறங்கி, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று லொறியில் வரும். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கும் அப்படித்தான் வந்தது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, படகுப் பதிவு என்று கச்சேரிக்குப் போகிறவர்களின் கடதாசியெல்லாம் அதன் கண்ணாடியில் படுத்து எழும்பும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. சனம் குறைவென்று கடைக்கார அண்ணன் அன்றுதான் மெஷினின் மென்பொருளுக்கு அப்டேட் போட்டார். அது முடிவதற்குள், முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டதாகச் சொல்லப்பட்ட கோளாறில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. கரண்ட் வந்த பிறகும் திரை இருட்டாகவே கிடந்தது.

மறுநாள் மெஷின் திருத்த வந்த தம்பி சிப்பின் எட்டுக் கால்களிலும் கிளிப்பை மாட்டி, உள்ளே இருப்பதை வாசித்தான். "அண்ணன், பாதி வெறும் ஒண்டுதான் கிடக்கு," என்றான். அதே மொடல் இன்னொரு மெஷினிலிருந்து பிரதி எடுத்து எழுத மூன்று நாள் போனது. இந்த மெஷினுக்கே உரிய தொடர் இலக்கமும் அளவுத் திருத்தங்களும் வேறொரு சிப்பில் இருந்ததால் தப்பின.

இந்த மூன்று நாள் நட்டம் தேவையே இல்லாதது. சிப்பில் இரண்டு அறை வைத்து, பழையதைத் தொடாமல் புதியதை மற்ற அறையில் எழுதி, தயாரிப்பாளரின் டிஜிட்டல் ஒப்பத்தைச் சரிபார்த்து, எந்த அறையிலிருந்து எழும்புவது என்ற சுட்டியைக் கடைசியில் மட்டும் மாற்றும் முறை எப்போதோ வந்துவிட்டது. நடுவில் கரண்ட் போனால் மெஷின் பழையதிலேயே எழும்பும். கூடுதல் செலவு சில மெகாபைட் இடம். அதை மிச்சம் பிடிப்பது பெரும் தவறென்றே நான் நினைக்கிறேன். ஒப்பம் பார்க்காமல் ஏற்பதும் அப்படியே: லேசர் பிரிண்டருக்குள் யாரும் தம் மென்பொருளை நுழைக்கலாம் என்று 2011இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கடை வைத்திருப்பவர்களே, வாங்கும்போது இந்த இரண்டு அறை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் யூ.பி.எஸ். இல்லாமல் அப்டேட் போடாதீர்கள். கம்பியூட்டரோடு வரும் சின்ன யூ.பி.எஸ். போதாது, ஃபியூசர் சூடாகும்போது மட்டும் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். கரண்ட் போகக்கூடிய மாரி காலத்தில் அப்டேட்டைத் தள்ளிப் போடுங்கள். தொடங்கிவிட்டால், திரையில் ‘முடிந்தது’ என்று வரும் வரை சுவிட்சில் கை வைக்காதீர்கள்.